ஸுவைலிம் குடிக்காத காபி

அபு தைஸீர்: டேய்... என்னடா பண்ற? கோப்பைய எதுக்குத் தரையில வைக்கிற?

ஸுவைலிம்: வச்சா என்ன? தரை உன்னுது, கோப்பையும் உன்னுது.

அபு தைஸீர்: எடுத்துக் குடி. ஏலக்கா இடிச்சுப் போட்டிருக்கா. ஆறிப்போச்சுன்னா கழுவுன தண்ணி மாதிரி இருக்கும்.

ஸுவைலிம்: வாசனை நல்லாத்தான் வருது.

அபு தைஸீர்: மூக்காலயே குடிச்சுட்டுப் போகலாம்னு வந்தியா?

உம்மு தைஸீர்: என்ன சத்தம் அங்க? ...அட, கோப்பை கீழ உக்காந்திருக்கே! ஏங்க, அண்ணன் யாருக்குப் பொண்ணு கேட்டு வந்திருக்காரு?

அபு தைஸீர்: நம்ம வீட்டுல பொண்ணு ஏதுடி? இருக்கிற ஒரே பொம்பள நீதான்.

உம்மு தைஸீர்: கேட்டா குடுத்துருவீங்களோ?

அபு தைஸீர்: காபியக் குடிச்சுடுறேன்னான்னா... யோசிப்பேன்.

ஸுவைலிம்: தங்கச்சி, நீ உள்ள போம்மா. இது எனக்கும் இவனுக்கும் உள்ளது. ஒரு வார்த்தை 'சரி'ன்னு சொல்லச் சொல்லு, ஒரே மடக்குல குடிச்சுட்டுக் கிளம்பிடுறேன்.

அபு தைஸீர்: எதுக்குடா சரி? என்ன வேணும்னு சொல்லாம?

ஸுவைலிம்: நம்ம அப்பன்மாரெல்லாம் என்ன ஏதுன்னா கேட்டாங்க? விருந்தாளி கோப்பையக் கீழ வச்சா, 'குடிப்பா, நீ வந்த காரியம் முடிஞ்சுது'ன்னாங்க. அப்புறந்தான் காரியம் என்னன்னே கேட்டாங்க.

அபு தைஸீர்: அதான் எங்கப்பன் ஒரு கிணத்தையும் ரெண்டு ஒட்டகத்தையும் தொலைச்சான். நான் டயர் ஒட்டுறவன். ஓட்டை எங்கன்னு தெரியாம பசை தடவமாட்டேன்.

உம்மு தைஸீர்: சரியோ தப்போ, ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலைங்க. அண்ணன் குடிக்காம எந்திரிச்சுப் போனாருன்னு வைங்க, நாளைக்குக் காய்கறிக் கடையில என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது? செத்த பிறகும் சொல்லிக் காட்டுவாளுங்க.

அபு தைஸீர்: பாத்தியா? ஒரு கோப்பைய வச்சு ஒரு வீட்டையே கட்டிப் போட்டுட்ட.

ஸுவைலிம்: கட்டிப் போட்டது நானா? காலையிலயிருந்து உன்னைத் தேடுறேன். முன் டயர்ல காத்து இல்ல. பட்டறைக்குப் போனா பூட்டு தொங்குது. வெள்ளிக்கிழமை தவிர நீ பூட்டி நான் பாத்ததே இல்லியே?

அபு தைஸீர்: இடுப்பு வலி.

உம்மு தைஸீர்: இடுப்பு வலியா? வெள்ளச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கிட்டு, விறுவிறுன்னு வெளிய போனீங்களே. அப்போ இடுப்பு எங்க இருந்துச்சு?

அபு தைஸீர்: நீ சுரைக்காய் குடைஞ்சுக்கிட்டு இருந்தியே, அதைப் போய்க் குடை. என்னைக் குடையாத.

ஸுவைலிம்: அத்தரா! டயர்காரனுக்கு அத்தர் எதுக்குடா?

அபு தைஸீர்: பஸ்காரனுக்குக் கூலிங் கிளாஸ் எதுக்கு? விடு. நீ எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியும்.

ஸுவைலிம்: தெரியுமா?

அபு தைஸீர்: ரயிலு.

ஸுவைலிம்: நான் ரயில்னு வாயத் தொறந்தேனா?

அபு தைஸீர்: ஸர்காவுல இப்போ வேற என்ன பேச்சு? தண்டவாளத்துக்கும் பெட்டிக்கும் வளைகுடா நிதியம் கடன் குடுக்குது. ரயில் நிக்கிற இடத்துக்கு நிலம் மட்டும் ஊர்க்காரன் தரணுமாம். சுத்தி இருக்கிறவன் எல்லாம் குடுத்துட்டான். நட்டநடுவுல என் டயர்ப் பட்டறை. நாளைக்குள்ள நான் தரலேன்னா நம்ம ஊர்ல நிலையம் கிடையாது. தலைநகரு அம்மானுக்குப் போற ரயிலுக்கு நாம கை ஆட்டிக்கிட்டு நிக்கலாம். சரியா சொல்றேனா?

ஸுவைலிம்: நீ சொல்ற. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்.

அபு தைஸீர்: அம்மான் ரோட்டுல ஓட்டுற பஸ்காரனுங்க எல்லாம் ஒண்ணு கூடி, 'நீதான் அவனோட ஒண்ணாச் சோறு தின்னவன், நீ போய் மடக்கு'ன்னு உன்னை அனுப்பியிருக்கானுங்க. நிலத்தைக் குடுக்கமாட்டேன்னு நான் உனக்கு வாக்குக் குடுக்கணும். அதான்?

ஸுவைலிம்: ஆலிவ் இருந்தா நல்லாயிருக்கும்.

அபு தைஸீர்: பேச்ச மாத்துறான் பாரு. ஏய், அந்த உப்பு ஆலிவக் கொண்டாடி! நல்லா உப்பாப் பாத்து எடு. வேர்க்கடலையும். தொண்டை வறண்டா எப்படிக் குடிக்காம இருக்கான்னு பாப்போம்.

ஸுவைலிம்: கொண்டுவாம்மா. நாங்க பாஸ்பேட் சுரங்கத்துல தூசியத் தின்னுட்டுப் பொழுதுக்கும் மூட்டை தூக்குனவங்க. உப்பு என்னை என்ன பண்ணும்?

உம்மு தைஸீர்: இந்தாங்க ஆலிவ். அண்ணே, இந்த ரயிலு நெசமாவே வருமா? எனக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முந்தியே வருதுன்னாங்க. மொதல்ல ஒரு நாட்டுக்காரன் வந்து அளந்தான். அப்புறம் இன்னொரு நாட்டுக்காரன். ஒவ்வொருத்தனும் டீ குடிச்சான், சிவப்புக் கட்டைய நட்டான், போனான். அந்தக் கட்டையெல்லாம் நான் தக்காளிச் செடிக்கு முட்டுக் குடுத்திருக்கேன்.

ஸுவைலிம்: அப்போ திட்டத்தால பலன் இல்லேன்னு யாரும் சொல்ல முடியாது.

அபு தைஸீர்: உன் பஸ்ஸுக்கும் அரசாங்க ரயிலுக்கும் என்னடா வித்தியாசம்? உன் பஸ் ஆள் ரொம்புனாத்தான் நகரும். ரயிலு நிதி ரொம்புனாத்தான் நகரும்.

உம்மு தைஸீர்: இவரு பஸ்ஸாவது ஒரு நாள் ரொம்பும்.

ஸுவைலிம்: ஏம்மா, நீயுமா? ஒரு சீட்டு காலியா இருந்தா டீசல் காசு எவன் தருவான்?

உம்மு தைஸீர்: அதுக்காக? ஆஸ்பத்திரிக்குப் போறவள உள்ள உக்கார வச்சுட்டு, 'இன்னும் ஒரே ஆளு, ஒரே ஆளு'ன்னு கத்துனீங்களே! அந்த ஒரே ஆளு வர்றதுக்குள்ள எனக்குப் பல்வலியே போயிடுச்சு.

ஸுவைலிம்: பாத்தியா, டாக்டர் காசு மிச்சம்.

அபு தைஸீர்: சரி, அது கிடக்கட்டும். உன் பொண்ணு ரவாபி எப்படி இருக்கா? கெய்ரோவுல படிப்பு முடிஞ்சுதா?

ஸுவைலிம்: முடியப் போகுது.

உம்மு தைஸீர்: கணக்குதானே படிக்கிறா? அன்னிக்கு அண்ணி போட்டோ காட்டுனா. கை ரெண்டும் முழங்கை வரைக்கும் கிரீஸ். கால்ல தடிச்ச பூட்ஸ். நான் கேட்டேன், என்ன அண்ணி, இவ கணக்க எழுதுறாளா, கழட்டி மாட்டுறாளான்னு. 'கேஸ் அடுப்பு ரிப்பேர்'னா.

ஸுவைலிம்: ...அடுப்பு ரிப்பேர்தான்.

உம்மு தைஸீர்: கெய்ரோவுல அடுப்பெல்லாம் பெரிசு போலருக்கு.

ஸுவைலிம்: தங்கச்சி, சுரைக்காய் கருகுற வாசனை வருது.

உம்மு தைஸீர்: இன்னும் அடுப்புலயே ஏத்தல. சரி, சரி. போறேன்.

அபு தைஸீர்: ஸுவைலிம்.

ஸுவைலிம்: ம்.

அபு தைஸீர்: விளையாட்டு போதும்டா. கோப்பைய எடு.

ஸுவைலிம்: நீ சொல்லு, எடுக்கிறேன். நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுக்காவது கோப்பையக் கீழ வச்சிருக்கேனா?

அபு தைஸீர்: இல்ல.

ஸுவைலிம்: அப்போ இந்த ஒரு தடவ.

அபு தைஸீர்: அதான்டா... அதான் என்னைக் கொல்லுது. வேற எவனாவது வந்திருந்தா தண்ணி குடுத்துத் தாட்டி விட்டிருப்பேன். சுரங்கத்துல மண்ணு சரிஞ்சப்போ என் காலப் புடிச்சு இழுத்தவன் நீ. அன்னிக்கு நீ என்கிட்ட சரியா தப்பான்னு கேட்டுக்கிட்டு நிக்கல.

ஸுவைலிம்: கேட்டிருந்தாலும் உன் வாயெல்லாம் மண்ணு. எப்படிச் சொல்லியிருப்ப?

அபு தைஸீர்: சிரிக்காத. நான் சொல்றதக் கேட்டா சிரிக்கமாட்ட.

ஸுவைலிம்: சொல்லு.

அபு தைஸீர்: என்னால சரின்னு சொல்ல முடியாதுடா.

ஸுவைலிம்: ஏன்?

அபு தைஸீர்: முடியாது. அவ்வளவுதான்.

ஸுவைலிம்: காரணம் இல்லாம எங்கிட்ட முடியாதுன்னு சொல்லமாட்டியே நீ. அப்போ நான் எந்திரிக்கட்டுமா? கோப்பை இங்கயே இருக்கட்டும்.

அபு தைஸீர்: உக்காருடா... உக்காரு. தோள்ல கை வச்சா உதறாத. உக்காரு.

உம்மு தைஸீர்: ஐயோ, என்ன இது? அண்ணே, செருப்ப மாட்டாதீங்க! ஏங்க, மூடுன வாயத் தொறங்க! குடிக்காமப் போறாரு!

அபு தைஸீர்: குடுத்துட்டேன்.

ஸுவைலிம்: என்ன குடுத்துட்ட?

அபு தைஸீர்: பட்டறைய. இன்னிக்குக் காலையில. நகராட்சித் தலைவர் கையில சாவியக் குடுத்துட்டு வந்துட்டேன்.

உம்மு தைஸீர்: அதுக்கா அத்தரு! எங்கிட்டகூட ஒரு வார்த்தை...

அபு தைஸீர்: உங்கிட்ட சொல்லிட்டு இவன்கிட்ட எப்படி மறைக்கிறது? உன் வாயி ஸர்கா ரேடியோ. ...டேய், கேளு. என் பையன் தைஸீர் அம்மான்ல பொட்டி மாதிரி ஒரு அறையில குடும்பத்தோட கிடக்கான். இங்கயிருந்து போய்வந்தா ரோட்டுலயே பாதி உசுரு போயிடுதுங்கிறான். பேத்தி என்னை வெள்ளிக்கிழமைத் தாத்தான்னு கூப்பிடுது. அதுக்கு நான் வாரத்துல ஒரு நாள்தான் உண்டுன்னு நெனப்பு. ரயில் நின்னா அவங்க வீட்டோட வந்துருவாங்க. அதான் குடுத்தேன். உன் பொழப்புல மண்ணப் போட்டது நான்தான். உன் பஸ் டயருக்கு ஒட்டுப் போட்டே இந்த வீட்டக் கட்டுனவன், உன் ரோட்டையே பறிச்சுட்டேன். உன் ஆளுங்ககிட்ட போய்ச் சொல்லு. திட்டட்டும். நீயும் திட்டு. என்னன்னாலும் நீ கேட்க வந்தது எங்கிட்ட இல்ல. கைவிட்டுப் போச்சு.

உம்மு தைஸீர்: அண்ணே, கோச்சுக்காதீங்க... ஏதாவது பேசுங்க... ஏங்க! அங்க பாருங்க!

அபு தைஸீர்: டேய்... டேய், என்னடா பண்ற?

உம்மு தைஸீர்: குடிச்சுட்டாரு! ஒரே மடக்கு!

ஸுவைலிம்: பச்சத் தண்ணியா ஆறிப்போச்சு. இன்னொண்ணு சூடா ஊத்தும்மா. அந்த ஆலிவு தொண்டையக் கிழிச்சுடுச்சு.

அபு தைஸீர்: நான் சரின்னே சொல்லலியேடா! முடியாதுன்னுதானே சொன்னேன்? முடியாதுன்னவன் வீட்டுல குடிக்கலாமா? மொறை தெரியாதவனே!

ஸுவைலிம்: மொறை தெரியாதவன் நீதான். கேட்கிறதுக்கு முந்தியே குடுத்துட்டு, ஆளத் தவிக்க விடுற.

அபு தைஸீர்: என்ன உளர்ற? நிலத்தைக் குடுன்னு கேட்கவா வந்த? நீ பஸ்காரன்டா!

ஸுவைலிம்: மெதுவாப் பேசு. பஸ் ஸ்டாண்டுல எவனுக்காவது கேட்டுச்சு, என்னை வரிசையிலயே நிக்க விடமாட்டானுங்க. அதுக்குத்தான் என்னன்னு சொல்லாமயே சரின்னு வாங்கிட்டுப் போயிடலாம்னு பாத்தேன்.

உம்மு தைஸீர்: அண்ணே... ரயில் வந்தா உங்க பஸ்ஸுல எவன் ஏறுவான்?

ஸுவைலிம்: ஒருத்தனும் ஏறமாட்டான்.

அபு தைஸீர்: அப்புறம் எதுக்குடா?

ஸுவைலிம்: ரவாபி கெய்ரோவுல கணக்குப் படிக்கலடா. ரயில் ஓட்டப் படிக்கிறா. முந்தாநாளு போன்ல சொன்னா... 'வாப்பா, உன் பஸ் மாதிரி ஆள் ரொம்புற வரைக்கும் என்னால நிக்க முடியாது. ஆனா நம்ம ஊர்ல நிக்கிறதுக்கு எனக்கு ஒரு இடமாவது கேட்டு வாங்கிக் குடு'ன்னு.