திருகுக்கு அடியில் பச்சை பெயிண்ட்

1978 ஆகஸ்ட் 4ஆம் தேதி மாலை, காவல் நிலையத்தில், தாயார் உடனிருக்கப் பதிவு செய்தது.

என் பெயர் அமலராணி. வயது பதினைந்து. தகப்பனார் பெயர் லூர்துநாதன். காரைக்கால் கோட்டுச்சேரியில் மாதா கோயில் தெருவில் குடியிருக்கிறேன். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். என் தகப்பனார், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற திரு. கஸ்தோனிடம் டிரைவராக இருந்தார். குடித்துவிட்டுக் காரை ஓட்டி, மீன் விற்கும் மாரிக்கண்ணு அக்காவின் காலை முறித்ததாக திரு. கஸ்தோன் கொடுத்த புகாரில் இப்போது சிறையில் இருக்கிறார். அவர் குடிப்பதில்லை. எனக்குத் தெரிந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14 அன்று பழைய பிரெஞ்சு சிப்பாய்கள் மெடல் குத்திக்கொண்டு யுத்த நினைவுத் தூணுக்குப் போவார்கள். அதற்காக திரு. கஸ்தோன் தன் பழைய காருக்கு ஜூன் மாதம் பச்சை பெயிண்ட் அடிக்க வைத்தார். பானட்டைத் திறந்து நண்பர்களுக்கு எஞ்சினைக் காட்டுவது அவருக்குப் பிடிக்கும் என்பதால் பானட்டுக்கு உள்ளேயும் அடிக்கச் சொன்னார். அதன் பிறகு முன்விளக்குகள் மங்கிவிட்டன. அப்பா பல்பை மாற்றிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், பேட்டரிக்குத் தண்ணீர் விட்டார். வெளிச்சம் கூடவில்லை. ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது நானும் பார்த்தேன். விளக்கிலிருந்து வரும் எர்த் ஒயர் உள்பக்கத் தகட்டில் ஒரு திருகில் மாட்டியிருந்தது, ஒயரின் வளையத்துக்குக் கீழே பெயிண்ட் இருந்தது. புறப்பட்ட மின்சாரம் திரும்பிப் போக வழி வேண்டும் என்று எங்கள் அறிவியல் பாடத்தில் வருவதையும், பெயிண்ட் அந்த வழியை மறிக்கும் என்பதையும் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையை விளக்கின் எர்த்திலும் மறுமுனையை பேட்டரியின் எர்த்திலும் வைத்தார். எதிர்ச் சுவர் பளிச்சென்று தெரிந்தது. "பாஸ் பண்ணிட்டே பாப்பா" என்றார். அதன் பிறகு அந்த இடத்துப் பெயிண்டை இரும்பு தெரியச் சுரண்டிவிட்டுத் திருகை முடுக்கினார். விளக்குகள் நன்றாக எரிந்தன.

ஜூலை 12 அன்று நான் மறுபடி போனபோது, பெயிண்டர் சின்னப்பிள்ளை அந்தத் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தார். திரு. கஸ்தோன் பக்கத்தில் நின்றார். அப்பா, "முசியே, அந்த எடத்துல மட்டும் பெயிண்ட் படக்கூடாதுங்க, லைட்டு எரியாதுங்க" என்றார். அதற்கு அவர், "சிரங்கு புடிச்ச வண்டியில என்னை எறங்கச் சொல்றியாடா? பகல்ல போற வண்டிக்கு லைட்டு எதுக்கு?" என்றார். சின்னப்பிள்ளை அங்கே பெயிண்ட் அடித்து, காய்ந்த பிறகு அதன் மேலேயே ஒயரை வைத்து முடுக்கினார்.

மறுநாள் பொழுது சாய்ந்த பிறகு, விருந்துக்கான பிராந்தி பாட்டில்களைத் திருவேட்டக்குடியில் உள்ள தன் மைத்துனர் வீட்டில் சேர்க்கும்படி திரு. கஸ்தோன் அப்பாவை அனுப்பினார். காலையில் கொண்டுபோகிறேன் என்று அப்பா சொன்னதற்கு, இப்போதே போகாவிட்டால் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னாராம். இதை அப்பா பிறகு அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்தபோது என்னிடம் சொன்னார். போகும் வழியில் மாரிக்கண்ணு அக்கா மேல் கார் மோதி, பிறகு பனைமரத்தில் இடித்து நின்றது. பாட்டில்கள் உடைந்து கார் முழுக்கவும் அப்பா மேலும் பிராந்தி கொட்டியது. அந்த வாடையை வைத்தே அவர் குடித்திருந்தார் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். வகுப்பில் ஒருத்தி, "ஒங்கப்பா ரோட்டுல ஓட்டலடி, சாராயத்துல ஓட்டினாரு" என்றாள்.

அதன் பிறகு நான் மாரிக்கண்ணு அக்காவைப் போய்ப் பார்த்தேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "காரு வர்றதே தெரியலடி. யாரோ அரிக்கேன் வெளக்கு எடுத்துக்கிட்டு நடந்து வர்றாங்கன்னு நெனச்சேன், அதான் ஒதுங்கல" என்றார்.

போன வாரம் திரு. கஸ்தோன் எங்கள் வீட்டுக்கு வந்தார். குடித்ததாக ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும், வெளியே வந்ததும் மறுபடி வேலை தருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னார். அவர் உட்கார்ந்து காப்பி குடித்து முடிக்கும் வரை நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போனதும் அந்த டம்ளரை வாய்க்காலில் எறிந்தேன். பெரியவர்களை மன்னிக்க வேண்டும் என்று பங்குச் சாமியார் சொன்னார். அம்மா தலையாட்டினார். நான் ஆட்டவில்லை.

இன்று மாலை, நிலையத்து வளாகத்தில் நிற்கும் அந்தக் காரைச் சோதிக்கும்படி இன்ஸ்பெக்டர் கோவிந்தராசு அவர்களிடம் கேட்டுக்கொண்டேன். திரு. கஸ்தோனும் வரவழைக்கப்பட்டார். அவரைக் காருக்கு நேர் எதிரே நிறுத்தும்படியும் கேட்டேன். இடது விளக்கு உடைந்திருந்தது, வலது விளக்கு நன்றாக இருந்தது. சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் அது மங்கலாக எரிந்தது. "எரியுதே, இன்னும் என்ன வேணும்?" என்றார் திரு. கஸ்தோன். அதன் பிறகு இன்ஸ்பெக்டர் தம் கையாலேயே திருகைக் கழற்றினார். அடியில் பச்சை பெயிண்ட் இருந்தது, நகத்தால் கீறியதும் உரிந்து வந்தது. திருகை மறுபடி முடுக்கச் சொல்லி, நான் கையோடு கொண்டுவந்திருந்த, அப்பா பயன்படுத்திய அதே துண்டு ஒயரை விளக்கின் எர்த்திலும் பேட்டரியின் எர்த்திலும் வைத்துப் பிடித்தேன். வெளிச்சம் முழுவதும் திரு. கஸ்தோனின் முகத்தில் விழுந்தது. அவர் இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டு, "எடுக்கச் சொல்லுங்க அதை" என்றார். "அன்னிக்கு எங்கப்பாவுக்கு இந்த வெளிச்சம் இல்லைங்க முசியே" என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் போதும் என்று இரண்டாவது முறை சொன்ன பிறகுதான் ஒயரை எடுத்தேன்.

இதில் உள்ளதெல்லாம் நான் கண்டதும் கேட்டதும்தான், யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கடைசியில் "சிறுமி பதற்றத்தில் ஒயரை உடனே எடுக்கவில்லை" என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று எழுதச் சொன்னேன். திருத்திய இடத்திலும் கீழேயும் கையொப்பம் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) லூ. அமலராணி