பேய் மன்னித்துவிட்ட படம்

— பவுடர் பூசிட்டு கண்ணுல லென்ஸ் போட்டா அது பேயா, சிநேகா? எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. செங்கல்பட்டு வரைக்கும் பஸ் ஏறிப் போனது வேஸ்ட்.

— நீதான ரோகிணி போலாம்னு சொன்ன.

— பின்ன? பிளஸ் டூல ஒரு தடவையாச்சும் கட் அடிக்கணும்டி. படம்தான் சொதப்பிடுச்சு. அதான் திரும்பி வரும்போது மகாபலிபுரத்துல எறங்கி, கோயில் கூட்டம் இல்லாத பக்கமா கூட்டிட்டுப் போன்னேன். இந்தப் பாறை சூப்பர். ஆனா அந்தக் கதையப் பாரேன். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. ஒருத்தி இன்னொருத்திய அடிம மாதிரி வெச்சிருக்கா. ரெக்கார்டு எழுத வைக்கிறா, வேற யார்கூடயும் பேச விடமாட்டேங்கிறா. இந்த லூசு எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, கெணத்துல விழுந்து செத்தப்புறம் வந்து கண்ண உருட்டுது. உசுரோட இருக்கும்போதே ஒரு அறை விட்டிருந்தா இன்டர்வெல்லுக்குள்ள படம் முடிஞ்சிருக்கும்.

— உன் பிசிக்ஸ் ரெக்கார்டு நாந்தான் எழுதினு கீறேன்.

— அது ஃப்ரெண்ட்ஷிப். நீ படம் அழகா வரைவ.

— நம்ம கிளாஸ் ஷபானாகூட பேசாதன்னு சொன்னது?

— உன் நல்லதுக்குதான் சொன்னேன். சரி, எழுந்திரு. தண்ணி ஏறுது பாரு. வரும்போது முட்டி வரைக்கும்தான இருந்துச்சு.

— இப்ப இடுப்புக்கு வந்துக்கும். கொஞ்சம் குந்து, அப்பால போலாம்.

— எனக்கு நீச்சல் தெரியாதுடி. வரும்போது தூக்கிட்டு வந்தல்ல, அதே மாதிரி தூக்கிட்டுப் போயிடு.

— பேண்ட் நனையக்கூடாது, தூக்குன்ன. தூக்கினேன். எங்க நைனா பாத்துருந்தா என்ன அங்கயே வகுந்துருப்பாரு. ஊரான் கழனில குனிஞ்சதெல்லாம் என்னோட போட்டும், நீ நிமிந்து நில்லுன்னு தெனம் சொல்லிகினே கீறாரு.

— இப்ப எதுக்கு உங்கப்பா? பேச்ச மாத்தாத.

— படத்துல எனக்கு இன்னா பேஜாருன்னா, கடைசில அந்தப் பேயி மன்னிச்சி வுட்டுது. இவ சமாதில பூவ வெச்சி அழுதா, ஒடனே சரியாப் பூட்ச்சி.

— எல்லாப் படத்துலயும் அப்படித்தான்.

— இன்டர்வெல்ல உங்க குவாட்டர்ஸ் ஆன்ட்டி வந்துச்சே, தெய்வநாயகி. இந்தப் பொண்ணு யாருன்னு கேட்டுச்சே. நீ இன்னா சொன்ன?

— அதயா இன்னும் நெனச்சிட்டு இருக்க?

— எங்க வீட்ல பாத்திரம் தேய்க்கிற அம்மாவோட பொண்ணு, தொணைக்கு வந்திருக்கான்னு சொன்ன. ஒடனே அந்தம்மா அவங்க பைய என் கையில குடுத்து, புடி, முறுக்கு வாங்கிட்டு வரேன்னு போச்சி. வர வரைக்கும் புடிச்சினு நின்னேன். நீ சிரிச்சினு இருந்த.

— எங்க டவுன்ஷிப் எப்படின்னு உனக்குத் தெரியாது. மொதல்ல எந்த ஊருன்னு கேப்பாங்க. அப்புறம் ஊர்ல எந்தத் தெருன்னு கேப்பாங்க. உன்கூட சுத்தறேன்னு தெரிஞ்சா எங்கம்மா சாப்பிடாம படுத்துக்கும். அதனாலதான் வீட்ல உன் பேர நான் எடுத்ததே இல்ல.

— இன்னிக்கி எங்க போறேன்னு சொல்லிட்டு வந்த?

— ஸ்கூல் விட்டதும் ஷபானா வீட்டுக்கு. குரூப் ஸ்டடின்னு.

— எப்பவுமே ஷபானாதானா?

— ஆமா. அவங்கப்பாவும் எங்கப்பாவும் ஒரே ஆபீஸ். ஏன் அப்படிப் பாக்கிற?

— ஒண்ணுமில்ல. அப்ப என்கூடத்தான் கீறன்னு யாருக்கும் தெரியாது. அந்த ஆன்ட்டிக்கும் நா உங்க வீட்ல பாத்திரம் தேய்க்கிறவங்க பொண்ணுதான்.

— சிநேகா, அலை கால் மேல அடிக்குது. சாரி. போதுமா? நாளைக்கே அம்மாகிட்ட சொல்றேன். உன்ன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஹால்ல உக்கார வெச்சு டிபன் குடுக்கச் சொல்றேன்.

— ஹால்ல.

— சத்தியமாடி.

— சரி. உன்னத் தூக்கினு ஆழம் தெரியாம எறங்க முடியாது. மொதல்ல நா போயி பாத்துட்டு வரேன். நீ இந்தப் பக்கமே குந்தினு இரு. மேல ஏறாத, பாசி, வழுக்கும்.

— இந்தப் பக்கம் கடல்தான இருக்கு. கரையில இருந்து பாத்தா நான் இருக்கிறதே தெரியாது.

— தெரியாது. கத்தினாலும் கேக்காது. தோ, அங்க யாரோ ஒரு ஆளு வராரு, சைக்கிள தள்ளிகினு.

— யாரு? இரு, யாருன்னு பாத்துட்டு அப்புறமா சொல்லு. எங்கப்பாவத் தெரிஞ்ச ஆளா இருந்தா நான் இங்க இருக்கேன்னு சொல்லிடாத. மத்த யாரா இருந்தாலும் பரவாயில்ல, கூட்டிட்டு வா. சீக்கிரம் வந்துடு சிநேகா.

— நீ குந்தினு இரு.

— ஏ பொண்ணு. இந்நேரத்துக்கு இன்னா கடல்லேர்ந்து ஏறி வர, துணியெல்லாம் நனஞ்சிகினு?

— சும்மாதான் தாத்தா. நீங்க டவுன்ஷிப்பா?

— என்ன எவன் அங்க சேப்பான்? நா இந்த சவுக்குத் தோப்புக்கு வாட்ச்மேன். எவன் பேச்சையும் நம்பமாட்டேன், அதான் என்னப் புடிச்சி இங்க வெச்சிகீறாங்க. இன்னிக்கி பௌர்ணமி. வெளக்கு வெக்கிறதுக்குள்ள அந்தப் பாறை முழுகிப்பூடும். அங்க யாருனா கீறாங்களா? கீறாங்கன்னா இப்பவே சொல்லு. சைக்கிள்ல கயிறு கீது, எனக்கு நீச்சலும் தெரியும். அப்பாலிக்கி வந்து அழுதா நா இன்னாவும் பண்ண முடியாது.

— யாருமில்ல தாத்தா. நா தனியாத்தான் வந்தேன்.

— பொய் சொல்லாத. மணல்ல ரெண்டு ஜோடி செருப்பு கீது.

— அந்த ஜோடி நா வரசொல்லவே இங்கதான் கெடந்துது, தாத்தா.