கீரைக்கு அடியில் போன அரிசி

“ஆறு மாசமா எங்க ஊட்டு அரிசிதான்க்கா உன் பானையில கொதிக்குது. அத்தத் தின்னுக்கினு எங்க ஊட்டுப் பொண்ணையே பேசறியே, வாய் கூசல?”

பக்கத்து வீட்டு லூர்துமேரி இதைக் குழாயடியில் வைத்துக் கத்தினாள். விழுப்புரம் ரயிலடிக்குப் பின்புறம் எங்கள் தெருவுக்கு அந்த ஒரு குழாய்தான். காலை ஏழு மணிக்கு அங்கே சொன்னது எட்டு மணிக்குக் கூட்டேரிப்பட்டு போய்விடும். பாதி நாள் கொண்டுபோய்ச் சேர்ப்பவளே நான்தான், அதனால் எனக்குத் தெரியும்.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அவள் தங்கை சவுரியம்மாள் தினமும் பிளாட்பாரத்துக்குப் போவது ரயிலைப் பார்க்கவா, கொடி காட்டுகிற ரயில் கார்டைப் பார்க்கவா என்றேன். நாலு பேர் சிரித்தார்கள்.

“மெதுவாப் பேசு லூர்து.”

“ஏன், வலிக்குதா? உன் பொண்ணு கெங்கம்மாவுக்குப் பார்த்திருக்கிற திண்டிவனத்துச் சம்மந்தி காதுல நல்லா உழட்டும்.”

ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். இதற்காகத்தான்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் அது. சண்டை எங்கேயோ நடந்தது, விலை எங்கள் தெருவில் ஏறியது. ரங்கூன் அரிசி நின்றுபோய், ரூபாய்க்கு ஆறு படி என்றிருந்தது இரண்டரைப் படிக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதுகிறவர். கூலிக்காரன் கூட்டிக் கேட்கலாம், நிலக்காரன் நெல்லைப் பதுக்கலாம். வெள்ளைச் சட்டைக்காரர் என்ன செய்வார்? சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொள்வார். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கேப்பைக் கூழ் குடித்தோம். பிறகு அதுவும் ஒருவேளை ஆனது.

லூர்துமேரியின் புருஷன் சவுரிராயன் கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. சேரியில் பிறந்து, பாதிரியார் பள்ளியில் படித்து மேலே வந்தவர். ரயில்காரர்களுக்கென்று தனியாகத் தானியக் கடை இருந்தது, அங்கே பழைய விலைக்கே அரிசி. வெளியாருக்குக் கொடுத்தால் வேலை போகும், ஜெயிலும் உண்டு.

என் அடுப்பு புகையாததைப் பார்த்து அவளாகத்தான் கேட்டாள். “புள்ளைங்க சாப்ட்டாங்களாக்கா?” மறுநாள் பின்சுவர் மேல் ஒரு முறம் வந்தது. எங்கள் சனம் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காது. அதனால் அரிசிக்கு மேல் முருங்கைக்கீரையைப் பரப்பித் தரச் சொன்னேன். கீரை வாங்குவதை யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

திண்டிவனம் தேவநாதன் வீட்டார் ஆசாரம் பார்க்கிறவர்கள். கெங்கம்மாளுக்கு இருபத்திரண்டு வயசாகிவிட்டது. இந்த இடம் தவறினால் இன்னொன்று வராது. குழாயடியில் ஏழெட்டுப் பேர் கேட்டாயிற்று. கேட்டதை அழிக்க முடியாது, சொன்னவளின் பேச்சை எடுபடாமல் செய்யலாம். அவள் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை.

வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போனதும் அவர் பேனாவை எடுத்து ரயில்வே அதிகாரிக்கு மொட்டைக் கடிதாசி எழுதினேன். தானியக் கடை அரிசி சவுரிராயன் வீட்டிலிருந்து கீரைக்கு அடியில் வெளியே போகிறது, இப்படிக்கு, பொதுஜனம். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மூன்றாம் நாள் போலீஸ்காரர்கள் வந்து அந்த வீட்டைச் சோதனை போட்டார்கள். யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டார்கள். வாசலில் கூட்டத்தோடு நானும் நின்றிருந்தேன். சவுரிராயன் என்னை ஒருமுறை பார்த்தார்.

“வித்துட்டேங்க. ஆள் யாருன்னு தெரியாதுங்க.”

என் பெயரைச் சொன்னால் என் வீட்டுக்காரர் வேலையும் போகுமே என்று நினைத்திருக்கலாம். அவர் மனசு எனக்கெப்படித் தெரியும்?

லூர்துமேரி மட்டும் கத்தினாள். “இந்த அக்காவுக்குத்தாங்க குடுத்தேன்.” தெருவே அவளைப் பார்த்துச் சிரித்தது. எங்கள் சனமாவது, அந்த வீட்டு அரிசியைத் தொடுவதாவது. புருஷன் மாட்டிக்கொண்டதும் ஊரார் மேல் பழி போடுகிறாள் என்றார்கள். நான் நினைத்தபடியே ஆயிற்று.

பக்கத்து வீட்டுக்காரி என்று கோர்ட்டில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கீரை முறம் வெளியே போனதைப் பார்த்தபடியே சொன்னேன்.

“முறத்தை வாங்கினது யாரு?”

“பொம்பளக் கை மாதிரி இருந்துதுங்க. மூஞ்சி தெரியல.”

ஆறு மாசம் தீர்ப்பானது. நாலாவது மாசம் ஜெயிலில் பேதி கண்டு சவுரிராயன் இறந்துபோனார். அவருக்கு உடம்பு அவ்வளவு மெலிசு என்று எனக்குத் தெரியாது. தங்கள் பங்கிலிருந்து எங்களுக்குப் போட்டுவிட்டு அந்த வீட்டில் அரைவயிறாக இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் எழுதித்தான் இருப்பேன். பெண்ணைப் பெற்றவள் வேறு என்ன செய்ய முடியும்?

தையில் மயிலம் மலையில் கெங்கம்மாளுக்குக் கல்யாணம் நடந்தது. திண்டிவனத்தில் சௌக்கியமாக இருக்கிறாள். சவுரியம்மாளைக் கட்டிக்கொள்ள ஒருவரும் வரவில்லை, பாண்டிச்சேரியில் கன்னியர் மடத்துக்குப் போய்விட்டாளாம். லூர்துமேரி வீட்டைக் காலி செய்துகொண்டு மண்டகப்பட்டுப் பக்கம் போனாள். அங்கே மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும் கூலிக்குப் போகிறாள் என்று கேள்வி.

கிளம்பும்போது தெருவில் வீடுவீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டாள். எட்டு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவள், என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன்?