மரை வேட்டைக்குக் கட்டிய மூட்டை

தீப்பெட்டியைப் போத்தலுக்குள் போட்டு, வாயைத் தக்கையால் அடைத்துத்தான் மூட்டையில் வைக்க வேண்டும், ஐயா. காட்டுக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. மடியில் செருகிக்கொண்டு போவார்கள், ஓர் ஆற்றில் இடுப்பளவு இறங்குவார்கள், அப்புறம் விடிய விடிய நடுங்கிக்கொண்டு ஒருவரையொருவர் ஏசுவார்கள். நான் கட்டிய மூட்டையோடு போன எவரும் அப்படி ஏசியதில்லை.

நீங்கள் கத்தியைப் பற்றிக் கேட்டீர்கள். மறைக்க மாட்டேன். ஆனால் கத்தி என்பது கடைசியாக, மூட்டையின் கழுத்தில் செருகிக் கட்டுவது. கட்டிய வரிசையிலேயே சொல்லிக்கொண்டு வந்தால் எனக்கும் லேசு, உங்களுக்கும் லேசு. பிளேன்டீ வேறு தந்திருக்கிறீர்கள். எனக்கு அவசரமில்லை.

பெயர் கச்சிமுகம்மது. ஊர் சாய்ந்தமருது. சந்தையில் கருவாட்டுச் சிப்பம் கட்டுவது தொழில். ஆனால் ஊரில் யார் எங்கே புறப்பட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஹஜ்ஜுக்குக் கப்பலேறும் ஹாஜியாரின் பெட்டி, பிள்ளை பெறப் போகிறவளின் பை, மருதமுனைத் தறிகளிலிருந்து வரும் கல்யாணச் சாரன்கள் எல்லாம் என் கையால் கட்டியவை. "கச்சிக் காக்கா கட்டினா கப்பல் தாழ்ந்தாலும் மூட்டை தாழாது" என்று தெருவில் பெண்கள் கேலி பேசுவார்கள். காக்கா என்றால் எங்களில் அண்ணன். கேலிதான், என்றாலும் கேட்க நன்றாக இருக்கும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, ஐயா. சகோதரன் பாடுபட்டு வீட்டைக் கட்டித் தங்கச்சிக்குக் கொடுப்பான். பிறகு தானும் ஒருத்தியைக் கட்டி அவள் வீட்டுக்குப் போய்விடுவான். நான் என் தங்கச்சி சுல்பிகாவுக்கு வீட்டைக் கட்டினேன், போகத்தான் மறந்துவிட்டேன். அவளுக்குப் பாலமுனையிலிருந்து ஷரிபுதீன் மாப்பிள்ளையாக வந்த அன்று, என் பாயைச் சுருட்டிக் கயிறு போட்டு வாசலில் வைத்தேன். அவர் கயிற்றை அவிழ்த்தார்.

"நீங்க எங்க மச்சான் போறீங்க? நீங்க போனா என்ட சேட்டுப் பொத்தான ஆரு தேடித் தாற? உள்ள வாங்க."

அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேர். பிள்ளைகுட்டி இல்லை. ஆனால் அந்த வீட்டில் இருந்த சிரிப்பு பத்துப் பிள்ளைகள் இருந்த வீட்டிலும் இருந்திருக்காது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட உட்கார்ந்தால் ஷரிபுதீன் ஊரில் உள்ள ஒவ்வொருவரும் இருமுவதை இருமிக் காட்டுவார். சுல்பிகா சிரித்துச் சிரித்துக் கறிச்சட்டியைக் கீழே வைத்துவிடுவாள். என்னைப் போலவும் இருமுவார். அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. அவரைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைவாகச் சொன்னால் இன்றைக்கும் நான் சண்டைக்குப் போவேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை அவர் மரை என்கிற பெரிய மானை வேட்டையாடப் போவார். துவக்கு கிடையாது, வில்தான். சின்ன வயதில் காட்டுப் பக்கம் உப்பு விற்கப் போன இடத்தில் வேடர்களோடு பழகிப் படித்த வில். இங்கினியாகலையில் பெரிய குளத்தைக் கட்டிக் காட்டுக்குக் காவலும் போட்ட பிறகு வில் இன்னும் வசதியாகிவிட்டது. துவக்குச் சத்தம் கேட்டால் காவல்காரர் வருவார். அம்புக்குச் சத்தம் இல்லை. இதை உங்களிடம் சொல்லக் கூடாதுதான். என்ன செய்ய, இன்றைக்கு அது சின்ன விஷயமாகிப் போய்விட்டது.

மாசி மாதம் ஒரு நாள் அவர் சைக்கிளை வேலியில் சாத்தாமல் அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தார்.

"மச்சான், பெரிய குளத்துக் கொலனியில அரசாங்கக் காணி கெடச்சிட்டு, காடு வெட்டிக் குடியேறணும். வயல், மேட்டுக்காணி, கிட்டவே வாய்க்கால். இனி நானும் வயலுக்கு முதலாளி, ஒரு போடியார்தான்."

சுல்பிகா அந்த நிமிஷமே பானை சட்டிகளை இறக்கத் தொடங்கினாள். "காக்கா, வீட்டுச் சாமான் எல்லாத்தையும் நீங்கதான் கட்டித் தரணும்" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அவள் கல்யாணத்தன்றும் பார்க்கவில்லை.

"நீங்க கடல உட்டுட்டு வருவீங்களா மச்சான்? நீங்க வீட்டப் பாத்துக்கங்க. பெருநாளைக்கு வந்து போங்க" என்றார் அவர்.

"ஓம், ஓம். கடல உட்டுட்டு நான் எங்க வாற?" என்று சிரித்தேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டாம் தடவை கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. அவர் அப்போது வாய்க்கால் கதையில் இருந்தார். அன்றைக்கு நான் தனியாக அந்த வீட்டு விறாந்தையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது, ஐயா. நாற்பத்தைந்து வயது ஆளுக்கு இதைச் சொல்ல வெட்கம்தான், ஆனால் பயமாகத்தான் இருந்தது.

போவதற்கு முன்னால் தெருவுக்கெல்லாம் விருந்து வைக்க வேண்டும், மரை இறைச்சியில் வைக்க வேண்டும் என்று ஷரிபுதீன் ஒற்றைக் காலில் நின்றார். மூட்டையைக் கட்டுங்கள் மச்சான் என்றார். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. கோபம் இல்லை, வெறும் யோசனை. ஒரு கை, அதுவும் ஒரு போகத்துக்கு மட்டும், பழுதாகிப் போனால் போதும். கை ஏலாதவன் காடு வெட்ட முடியாது. வெட்டாத காணியை வேறொருத்தனுக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு நாங்கள் மூன்று பேரும் முன்போலவே இருப்போம். நான் அவருக்குச் சோறு பிசைந்து கொடுப்பேன். அவர் இருமிக் காட்டுவார்.

ஆகவே கட்டினேன். அடியில் துணி. துணிக்கு மேல் அரிசி, உப்பு, கொச்சிக்காய்த்தூள், மாசிக் கருவாட்டுத் துண்டு. அட்டைக் கடிக்குச் சவர்க்காரக் கட்டி. தீப்பெட்டியின் போத்தல் அரிசிக்குள். வில்லின் நாணைக் கழற்றி, வில்லைப் பழைய சாரனில் சுற்றினேன். நாண் மரப்பட்டை நாரில் திரித்தது, ஈரம் பட்டால் தொய்யும். அதற்குத் தேன்மெழுகு தேய்த்து, உபரியாக இன்னொன்றும் சேர்த்து, எண்ணெய்க் காகிதத்தில் பொதிந்தேன். அம்புகளின் மயிலிறகு மடங்காதபடி மூங்கில் குழாயில் பஞ்சு வைத்து இறக்கினேன். இரும்பு முனைகளை நானே தீட்டினேன், மயிர் மழிக்கிற கூர். அம்பு பிசகினால் மரை தப்பும். மரை தப்பினால் நான் நினைத்தது நடக்காது.

அடுத்தது மருந்துப் பொட்டலம். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்தேன். கட்டுத் துணி, மஞ்சள்தூள், டிங்சர், முழங்கை அளவில் செதுக்கிய இரண்டு மூங்கில் தப்பை. சுல்பிகா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இதென்ன காக்கா, தப்பையெல்லாம்?"

"காட்டில விழுந்து கை முறிஞ்சா என்ன செய்யிற?"

"வாய வெச்சிராதங்க. கை முறிஞ்சா அவர்ர வயல நீங்களா உழப்போறீங்க?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். நானும் சிரித்தேன். நல்ல பகிடிக்காரி அவள்.

இப்போது கத்தி. அம்பு பட்டு விழுந்த மரையில் உயிர் இருந்தால், பிஸ்மில்லாஹ் சொல்லிக் கழுத்தில் கத்தி வைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்த இறைச்சி எங்களுக்கு ஆகாது. அதனால் மற்ற வேட்டைக்காரனைப் போல எட்ட நின்று, சாகட்டும் என்று சுருட்டுப் பிடிக்க எங்கள் ஆளால் முடியாது. ஓட வேண்டும். கொம்புக்குப் பக்கத்திலேயே போக வேண்டும். ஷரிபுதீன் அதை ஒவ்வொரு வருஷமும் எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறார். முழங்காலைக் கழுத்தில் ஊன்றி, இடது கையால் கொம்பைப் பின்னால் இழுத்து, வலது கையால் ஒரே இழுவை. மரை என்ன நடந்தது என்று யோசிக்கும் முன் முடிந்துவிடும் என்பார். எல்லாம் கத்தியின் கூரில் இருக்கிறது.

அந்தக் கத்தியை நான் அம்மிக்கல்லின் விளிம்பில் இழுத்தேன். அவசரப்படாமல், ஒரு பக்கம், மறு பக்கம். பிறகு எண்ணெய் பூசித் துடைத்தேன். பளபளவென்று புதுக் கத்தி மாதிரி இருந்தது. வாழைத்தண்டில் வைத்துப் பார்த்தேன், வெட்டவில்லை. உறையில் போட்டு மூட்டையின் கழுத்தில் கட்டினேன்.

கல்முனைத் தச்சன் சவிரிமுத்து வந்து சேர்ந்தான். மரையின் பின்னங்கால்களைப் பிடிப்பவன் அவன்தான். அவனுக்கு எதிலும் சந்தேகம்.

"கத்தி தீட்டினீங்களா காக்கா? ஒருக்கா எடுத்துப் பாப்பமா?" என்று கையை நீட்டினான்.

ஷரிபுதீன் அவன் கையைத் தட்டிவிட்டார். "சும்மா இரு சவிரி. என்ட மச்சான் கட்டினத அவிழ்த்துப் பாக்கிற பழக்கம் எனக்கு இல்ல. வா, போவம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா. ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்.

மற்றதைச் சவிரிமுத்து உங்களுக்குச் சொல்லியிருப்பான். நல்ல கொம்பன். ஓடைக்கரையில் ஒரே அம்பில் சாய்த்தார். உயிர் இருந்தது. ஓடிப் போய் முழங்காலை ஊன்றினார். கத்தி இறங்கவில்லை. இரண்டாம் தடவை இழுத்தார், இறங்கவில்லை. மூன்றாம் தடவைக்கு அது தலையைத் தூக்கிவிட்டது. கைக்குப் பதிலாக விலாவில் ஏறிவிட்டது கொம்பு. அது என் கையில் இல்லாத விஷயம். மரை அம்போடு எழுந்து ஓடிவிட்டதாம்.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. அறுக்கும் முன் கத்தியை நன்றாகத் தீட்டு, உயிரை வதைக்காதே என்பது எங்கள் மார்க்கம். மொட்டைக் கத்தியால் அந்த வாயில்லாச் சீவன் பட்ட வேதனைக்கு நான்தான் பொறுப்பு. அதற்காக இரண்டு நாளாக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு வருகிறேன்.

"மச்சான்ட மூட்டையப் பாரு சவிரி. அதில மருந்து இரிக்கும்" என்றுதான் ஷரிபுதீன் கடைசியாகச் சொன்னாராம். இருந்தது. எல்லாம் இருந்தது. சவிரிமுத்து மூட்டையைத் தலைகீழாகக் கொட்டி, மருந்தைப் பூசி, துணியைக் கட்டினான். காட்டை விட்டுத் தெருவுக்குத் தூக்கி வரும் முன்பே அவர் மௌத்தாகிவிட்டார். கொட்டியதில் அரிசிக்குக் கீழே இருந்த வெள்ளைத் துணியும் வந்து விழுந்திருக்கிறது. மூன்று மடிப்பு, உள்ளே கற்பூரம், அத்தர், பஞ்சு. சவிரிமுத்து வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன், அவனுக்கு என்ன தெரியும். நல்ல துணியாக இருக்கிறதே என்று அதிலேயே சுற்றி, கொலனி லொறியில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினான்.

சுல்பிகா முதலில் அழவில்லை. துணியைத்தான் பார்த்தாள். ஓரத்தைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

"காக்கா," என்றாள், "வேட்டைக்குப் போற மூட்டையில மையித்துக்கு உடுத்துற கபன் புடவை என்னத்துக்கு?"

"காட்டுக்குப் போற ஆளுக்கு ஒண்டும் குறையப்படாது தங்கச்சி" என்றேன். அதன் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. நேரே பொலிசுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். கோபம் ஆறும். ஆறினால் வருவாள். வீட்டுக் கதவைத் திறந்தே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு மாற்றுச் சாரனும் துவாயும் பல்பொடியும் கட்டி எடுத்து வந்துவிட்டேன், உங்களுக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கத்தியை மொட்டையாக்கியது நான். கைக்காகத்தான். அவர் சாவார் என்று ஒரு நொடிகூட நான் நினைக்கவில்லை, இது சத்தியம். பள்ளிவாசலில் பக்கீர் ஆலிம் நல்ல மனதோடு, யாராவது ஹாஜியாருக்கு எடுத்து வைத்த கபன் கைமாறி வந்திருக்கும் என்று சொன்னாராம். அவருக்கு என் சலாம் சொல்லுங்கள். ஆனால் அதை எழுதாதீர்கள். நான் கட்டிய மூட்டையில் இதுவரை எதுவும் கைமாறியதில்லை. ஷரிபுதீன் ஊரிலேயே நெட்டை ஆள், வேறொருவருக்கு எடுத்தது அவருக்குப் போதுமா? அவர் தூங்கும்போது கயிறு பிடித்து அளந்து, அக்கரைப்பற்றுக்குப் போய் அவர் உயரத்துக்கே எடுத்தேன். சவிரிமுத்துவைக் கேட்டுப் பாருங்கள், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் முடிச்சுப் போட இடம் விட்டு, அளவாக இருந்தது.