இன்ஜின்ல கட்டின சிவப்புத் துணி

லைட்டை அணைச்சாச்சா? சரி, கிட்ட வாங்க. எங்க ஆபீஸ் லலிதாவோட வீட்டுக்காரருக்கு நடந்தது இது. லலிதா புளுகற ஆள் இல்ல.

சாயங்காலம் ஆறு மணி. மழை விட்ட நேரம். மாரெட்பள்ளி தாண்டி ஒரு ரோடு... ஈ காக்கா இல்ல. ரோட்டு முடிவுல ஒரு ரயில் மியூசியம். தோட்டத்துல பழைய நீராவி இன்ஜின் ஒண்ணு. அது ஓடி எத்தனையோ வருஷமாச்சு. லலிதா வீட்டுக்காரர் ஜகதீசன், ஆறு வயசுப் பையன் அபிநவை அது முன்னாடி நிறுத்தி போட்டோ எடுக்கப் போனார்.

முன்பக்கக் கொக்கியில ஒரு அழுக்குச் சிவப்புத் துணி. போட்டோவைக் கெடுத்துச்சு.

ஜகதீசனோட அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர். அங்க ஒரு வழக்கம். இன்ஜினுக்கு அடியில வேலைக்குப் போறவன் சிவப்புத் துணி கட்டிட்டுத்தான் போவான். வெளிய வந்து அவனேதான் அவிழ்க்கணும். வேற எவனாவது அவிழ்த்தா, அடியில ஆள் இல்லைன்னு இன்ஜினை நகர்த்திடுவாங்க... இருக்கறவன் காலி.

ஜகதீசனுக்கு இதெல்லாம் நல்லாவே தெரியும். இருந்தும், "செத்த இன்ஜின்தானே"ன்னு அவிழ்த்து பாக்கெட்ல போட்டுக்கிட்டார்.

போனைத் தூக்கிப் பார்த்தா... பையனைக் காணோம்.

"அபி! டேய், அபி!"

சக்கரத்துக்குப் பக்கத்துல பையனோட ஒத்தச் செருப்பு. அடியிலேர்ந்து டங்... டங்...னு சுத்தியல் சத்தம். கரிப்புகை வாசனை. சூடான எண்ணெய் வாசனை. உஸ்ஸ்ஸ்... அந்தச் சக்கரம் கண்ணெதிரே ஒரு விரக்கடை நகர்ந்துச்சு.

பாவம், மனுஷனுக்கு உயிரே போயிடுச்சு. கதறிக்கிட்டே துணியை எடுத்து கொக்கியில இறுக்கி முடிச்சுப் போட்டார்.

சத்தம் நின்னுச்சு.

அபி அந்தப் பக்கமா தவழ்ந்து வந்தான். ஒரு கீறல் இல்ல. "டாடி, கிந்த தாத்தா உன்னாரு"ன்னான். ஸ்கூல் தெலுங்கு. கீழ ஒரு தாத்தா இருந்தாராம். 'உங்கப்பா துணி கட்டிட்டார், இனிமே அடியில வேலை அவரோடது, நான் வீட்டுக்குப் போறேன்'னு சொல்லிட்டுப் போனாராம்.

அதுக்கப்புறம் ஜகதீசன் மாதாப்பூர் ஆபீசுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். ஆனா தினமும் காலையில எழுந்தா... பனியன் முதுகெல்லாம் கறுப்பு கிரீஸ். லலிதா தோய்ச்சே ஓய்ஞ்சுட்டா.

அவரே போய் அவிழ்க்க வேண்டியதுதானேன்னு கேக்காதீங்க. போனார். அவர் கைக்கு அந்த முடிச்சு அசையல. வேற யாரும் தொட்டுடக் கூடாதேன்னு லலிதா ஞாயித்துக்கிழமை தவறாம போய்ப் பார்த்துட்டு வருவா.

போன வாரம் போயிருக்கா. இன்ஜினுக்குப் புது பெயின்ட்... பளபளன்னு. கொக்கியில துணி இல்ல.

அலறியடிச்சுக்கிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாளாம். மத்தியானம் படுத்துத் தூங்கின மனுஷனைக் காணோம். கட்டிலுக்கு அடியில அவரோட ஒத்தச் செருப்பு மட்டும் இருந்துச்சு... தொட்டா சுட்டுச்சாம்.