இடது பக்கம் முழுதாகத் திருப்பினால்

நீதிபதி ஐயா,

வண்டியின் சாவித் துவாரத்தில் எண்ணெய் விடக் கூடாது. பலரும் செய்கிற தவறு இது. எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பத்து நாளில் பூட்டு முன்பைவிட மோசமாக இறுகும். பென்சிலைச் சீவி, அந்தக் கரித்தூளை உள்ளே ஊதிவிட்டால் போதும். இருபத்தாறு வருடமாக மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். தாங்கள் விசாரிக்கும் விபத்து என் தங்கையின் வண்டிக்கு நேர்ந்தது. ஆகவே அதன் ஹேண்டில் பூட்டைப் பற்றி வரிசையாக எழுதிவிடுகிறேன். அவள் மேல் மோதிய லாரியின் ஓட்டுநர் இரண்டு மாதமாகச் சிறையில் இருக்கிறார். அவர் மேல் தவறில்லை.

எங்கள் வீடு பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை. வெளியே போக வேறு வழி கிடையாது. பட்டறைக்குள் நுழைந்துதான் தெருவுக்கு வர வேண்டும். அம்மாவும் அப்பாவும் போனபோது தங்கைக்குப் பதினோரு வயது. நான்தான் ஆளாக்கினேன். இப்போது முப்பத்திரண்டு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். முதல் பேருந்தோ ஏழரைக்கு. அதனால்தான் வண்டி.

முதல் தடவை கோளாறு நிஜமாகவே வந்தது. இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அன்று அவளுக்குத் தொலைவில் ஒரு பெரிய மருத்துவமனையில் நேர்காணல். சாவி திரும்பவில்லை.

"அண்ணா, இங்க வந்து பாரேன். கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது."

பூட்டுக்குள் ஓர் இரும்பு நாக்கு உண்டு. ஹேண்டிலை இடது பக்கம் முழுதாகத் திருப்பிப் பூட்டும்போது அது வெளியே வந்து காடி என்கிற சின்னப் பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். சில நேரம் நாக்கு காடியில் அழுந்திவிடும். அப்போது ஹேண்டிலை லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் விட்டுவிடும். கால் நிமிட வேலை. நான் அசைக்காமல் திருப்பினேன். மதியம் வரை திருப்பினேன்.

ஒன்பது மணிக்கு மேல் அவள் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். தேநீர் போட்டு வந்து, பட்டறை முக்காலியில் உட்கார்ந்து சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தாள். வெகு நாளைக்குப் பிறகு அப்படிப் பேசினாள்.

அதன் பிறகு கோளாறு வேண்டியபோது வந்தது. இரண்டாவது நேர்காணலன்று வந்தது. கூட வேலை பார்க்கும் ஒருவர், தன் தாயாரைப் பார்க்க அவளை வீட்டுக்கு அழைத்திருந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. நாக்கை உள்ளே இழுக்கும் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டிவிட்டால் நாக்கு சரியாக உள்ளே போகாது, அவ்வளவுதான்.

"ஊர் வண்டியெல்லாம் ஓடுது. மெக்கானிக் வீட்டு வண்டிதான் நொண்டுது."

"பழைய பூட்டும்மா. பொறுமையாத்தான் பாக்கணும்."

"பொறுமையா பாத்துப் பாத்து எனக்குத்தான் நரைக்குது."

மெக்கானிக்கின் தங்கை வேறு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோவது எங்கள் தொழிலில் முகத்தில் அறைகிற மாதிரி. அவள் கொண்டுபோனாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பட்டறைக்காரர் மறுநாள் உதிரிபாகக் கடையில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மாஸ்டர், வீட்டு வண்டியப் பாக்கவே நேரமில்லையா? ஸ்பிரிங்க வெட்டி வெச்சிருக்கு. யாராவது வெட்டினதான்னு தங்கச்சி கேட்டுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"தேஞ்சு போச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன். நமக்குள்ள ஒருத்தர ஒருத்தர் காட்டிக் குடுக்கலாமா? நீங்க தொட்ட வேலையில நான் கை வைக்கல. நீங்களே முடிச்சிருங்க."

தொழில் மரியாதை தெரிந்த மனிதர். அவரையும் இதில் இழுக்க வேண்டாம். அன்று அவர் ஒரு புது ஸ்பிரிங்கைப் போட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

அன்று மாலை தங்கை சண்டை போடவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"பூட்டையே கழட்டி எறிஞ்சிருண்ணா. களவு போனா போகட்டும்."

"ஏம்மா?"

"போன்லயே பேசி வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. திங்கக்கிழமை சேரணும். தங்க ரூமும் குடுக்கறாங்க." கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். "கழட்டிருவதான?"

"கழட்டிடறேன்" என்றேன்.

கழற்றப் பத்து நிமிடம் போதும். நான் கழற்றவில்லை. ஸ்பிரிங்கை மட்டும் எடுத்துவிட்டு, நாக்கைத் தடுத்து நிறுத்தும் விளிம்பை அரத்தால் தேய்த்தேன். இனி வண்டி அதிர்ந்தாலே நாக்கு வெளியே வரும். நேராகப் போகும்போது ஒன்றும் ஆகாது. மெதுவாக, இடது பக்கம் முழுதாகத் திருப்பினால் மட்டும் காடியில் விழும். பிறகு ஹேண்டில் நேராகாது. பட்டறையில் வரிசையாக நிற்கும் வண்டிகளைச் சுற்றித்தான் அவள் வெளியேற வேண்டும். அங்கேயே மாட்டிக்கொள்ளும், காலை ஊன்றி இறங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். தேய்க்கும்போது அப்படித்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் அந்த வண்டிகளை நானே சுவரோரமாகத் தள்ளி வைத்தேன். ஏழு வண்டி. தெரு வரைக்கும் நேர் வழி கிடைத்தது. ஏன் தள்ளினாய் என்று தாங்கள் கேட்பீர்கள். வேலையில் சேரப் போகிறவளுக்கு வழியில் இடைஞ்சல் இருக்கக் கூடாது என்று அப்போது தோன்றியது.

"வாரா வாரம் வந்துருவேண்ணா. ஒழுங்கா சாப்பிடு."

"பாத்துப் போம்மா."

எங்கள் தெருவில் வளைவு கிடையாது. அது நெடுஞ்சாலையைத் தொடும் முனையில்தான் இடது பக்கம் முழுதாகத் திருப்ப வேண்டும். அங்கே போய்ச்சேர இரண்டு நிமிடம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். கூப்பிட்டிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பாள். நான் கூப்பிடாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லாரி மோதியதில் பூட்டு உடைந்ததாக வாகன ஆய்வாளர் எழுதியிருக்கிறார். அது பிழை. போன வாரம் ஓட்டுநரின் மனைவி பட்டறைக்கு வந்து, "அவரு பிரேக் புடிச்சாருண்ணே, சத்தியமாப் புடிச்சாரு" என்றாள். பிடித்திருப்பார். என் பழி இன்னொருவர் தலையில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான் அல்ல.

தங்கைக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மற்றபடி நன்றாக இருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பாடு, மருந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நானே செய்கிறேன். மருத்துவமனையிலிருந்து வந்தது முதல் என்னோடு பேசுவதில்லை, வீட்டுக்கு வந்து போகும் செவிலியிடம் பேசுகிறாள். உடம்பு அசதி. தொலைவில் ஏதோ மறுவாழ்வு இல்லமாம். சேர்வதற்கான படிவத்தில் அந்தச் செவிலி அவளிடம் கையெழுத்து வாங்கி, தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். இந்த நிலையில் அவள் யோசித்துப் போட்டிருக்க மாட்டாள் என்பதால் அதை நான் அனுப்பவில்லை.

எனக்கு என்ன தண்டனை தந்தாலும் சரி. ஆனால் அவளை இங்கிருந்து மாற்ற வேண்டாம். இங்கே என்ன குறை என்று தாங்களே வந்து அவளைக் கேட்கலாம். கேட்கும்போது நான் பக்கத்திலேயே இருப்பேன்.