கவுன்சில் கடை இல்லையாம்

12 நவம்பர் 2024, செவ்வாய், காலை 11.20. தூறல்; குடையை மறந்துவிட்டேன். தோர்ண்டன் ஹீத்தில் ஏறிய பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இருவர்.

"கவுன்சில் எண்டது யாவாரம் செய்யிற கடை இல்லையாம், தம்பி. அதாலை வியாபாரப் போட்டிச் சட்டத்திலை வழக்கு வைக்க ஏலாதெண்டு வக்கீல் சொல்லுறார்," என்றார் மூத்தவர்.

"உங்கடை ஓட்டத்தையும் சேத்துப் பள்ளிக்கூட வான் ஓட்டமெல்லாத்தையும் ஒரே கொம்பனிக்குக் குடுத்திட்டினமே, அண்ணை!"

"ஓம். அது பொதுச்சேவையாம்."

"அப்ப கையெழுத்து வைச்ச ஒபிசரைக் கோட்டுக்கு இழுங்கோ."

"அவரையும் தொட ஏலாதாம். தன்ர வேலையைத்தான் செய்தவராம்."

"சரி, இனிக் காலமை நல்லாப் படுத்து நித்திரை கொள்ளுங்கோ."

"எங்கை? இப்பவும் ஆறு மணிக்கு எழும்பி வானை ஸ்ராட் பண்ணுறன். ஏத்தத்தான் ஒரு பிள்ளையும் இல்லை."

தம்பி தன் தரிப்பில் இறங்கிவிட்டார். மூத்தவர் பக்கத்து வெற்றிருக்கையிடம் சொன்னார்:

"ஏலாதெண்டு சொல்ல வக்கீல் எடுத்த பீஸ் முன்னூற்றி அறுபது பவுண்."